ஒற்றைக் கையெழுத்து

காளவாசல் அத்தை வீட்டை விற்கலாம் என்று தரகரைக் கூப்பிட்டேன். வாசற்படி ஏறும்போதே அவர் கேட்டது, "கையெழுத்து எத்தனைக்கா?" எத்தனை சென்ட், எந்தத் திசை பார்த்த வாசல் என்பதெல்லாம் அப்புறம்தான். "ஒண்ணுதாண்ணே" என்றேன். "பிள்ளை இல்லாதவங்க வீடுன்னு சொன்னீங்க?" என்று நம்பாமல் பார்த்தார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. பள்ளி ஆசிரியை. மாமா சின்ன வயதிலேயே போய்விட்டார். செங்கல் வேகும் சூளைக்குத்தான் காளவாசல் என்று பெயர். அந்தப் பெயர் கொண்ட இடத்தில், சீட்டுக் கட்டியும் கடன் வாங்கியும் தன் சம்பளத்திலேயே 1984-ல் அவர் எழுப்பிய வீடு இது.

வீட்டை ஒழிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பரணிலிருந்து பித்தளை அண்டா, தூக்குவாளி, எவர்சில்வர் சம்படம் என்று இறங்கிக்கொண்டே இருந்தன. கரண்டி வரைக்கும் அத்தையின் பெயர் வெட்டியிருந்தது. வெள்ளையடிக்கலாமா என்று கேட்டதற்கு, "வாங்குறவங்க இடிச்சுட்டுத்தான் கட்டுவாங்க, இடத்துக்குத்தான் காசு" என்றார் தரகர். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பீரோவின் அடித்தட்டில் ஒரு மஞ்சள் பை. அதில் மூலப்பத்திரம், வீட்டு வரி ரசீதுகள், வீட்டுக் கடனை அடைத்ததும் பதிவு செய்த ரசீதுப் பத்திரம். அந்தக் கடைசித் தாள் இல்லையென்றால், எப்போதோ தீர்ந்த கடன் இன்றும் வில்லங்கச் சான்றில் நின்றிருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், வீட்டை எனக்கு எழுதிவைத்து அத்தை பதிவு செய்த உயில்.

அது இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வக்கீல் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 15-ஆவது பிரிவு. கணவனோ பிள்ளைகளோ இல்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சுயமாகச் சம்பாதித்த சொத்து முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய்க்கும் தகப்பனுக்கும் அதற்குப் பிறகுதான் இடம். ஆணின் சொத்திலோ அவனைப் பெற்ற தாய் முதல் வரிசையிலேயே நிற்கிறாள்.

2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஓம் பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கை அவர் சொன்னார். 1955-ல் கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவனை இழந்த பெண். புகுந்த வீட்டார் துரத்திவிட்டார்கள். பிறந்த வீட்டார் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போனார், சேமித்தார், 1996-ல் இறந்தார். உயில் இல்லை. அவர் சேர்த்ததெல்லாம் துரத்திய வீட்டாரின் வழிக்கே போனது. இரக்கம் வேறு, சட்டம் வேறு என்பதே தீர்ப்பின் சாரம்.

மாமா வீட்டார் நல்லவர்கள்தான். துக்கத்துக்கு வந்து கூடவே நின்றார்கள். ஆனால் நான்கு ஊர்களில் இருக்கும் பதினோரு பேரின் கையெழுத்துக்கு நான் அலைந்திருப்பேன், அதுவும் எனக்கு உரிமையே இல்லாத வீட்டுக்காக. உயிலும் இறப்புச் சான்றும் இருந்ததால் பட்டாவும் மாநகராட்சி வரியும் என் பெயருக்கு மாறின.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். எழுதுகிறவர் கையெழுத்து, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. பதிவு கட்டாயமில்லை, செய்தால் பின்னால் வம்பு குறையும். அத்தை தன்னைவிட இளையவர்களாகப் பார்த்துச் சாட்சி வைத்திருந்தார். இருவரும் இன்றும் நன்றாக இருக்கிறார்கள்.

சொத்து வாங்கிய பெண்கள் பலரை எனக்குத் தெரியும். உயில் என்றாலே, "சாகப்போற பேச்சை ஏன் இப்ப எடுக்கணும்?" என்கிறார்கள். இரவல் போன பாத்திரம் திரும்பி வர வேண்டுமென்று கரண்டியில்கூடப் பெயர் வெட்டுகிற நாம், பத்திரத்தில் நம் பெயர் ஏறியதோடு நின்றுவிடுகிறோம். நமக்குப் பின் அங்கே யார் பெயர் என்பதையும் நம் கையாலேயே எழுதி வைப்போம்.