கத்தியைக் கீழே வைக்குமுன்

ஐம்பத்தைந்து வயதானால் ஊழியர் சேமநிதிப் பணத்தை முழுதும் எடுக்கலாம் என்பது நம் தோட்டங்களில் சிறு பிள்ளைக்கும் தெரியும். மகள் கல்யாணம், பழைய கடன், லயத்தைக் காலி செய்யும் நாளில் ஒதுங்க ஒரு வீடு என்று அப்பணத்துக்கு வழிகள் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். அவரவர் வியர்வைப் பணம். எடுக்காதே என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆனால் பணத்தை எடுப்பது வேறு, வேலையை விடுவது வேறு. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் ஓய்வு வயது 60. வயதைக் காட்டி அதற்குமுன் ஒருவரை நிறுத்த எந்த நிர்வாகத்துக்கும் அதிகாரமில்லை. மாதம் 1,700 வெள்ளி வாங்குபவருக்கு முதலாளி பங்கு 221, தொழிலாளி பங்கு 187. ஐந்து வருடத்தில் லாபஈவு சேராமலே 24,480 வெள்ளி! 55-க்குப் பின் சேரும் இத்தொகையை 60 வயதில்தான் எடுக்க முடியும். அறுபதைத் தாண்டி வேலை செய்தாலோ, முதலாளி கட்டாயம் கட்டவேண்டியது 4 விழுக்காடு, அதாவது 68 வெள்ளிதான்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. முழங்கால் போனவர், கண் மங்கியவர், பாரிசவாதத்தில் விழுந்தவர் ஆபீசுக்கு வந்து கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறார். சொக்சோவின் இயலாமை ஓய்வூதியம் என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. குணமாகாத நோயால், திடகாத்திரமானவர் சம்பாதிப்பதில் மூன்றிலொரு பங்குகூடச் சம்பாதிக்க இயலாதவர் என்று மருத்துவக் குழு முடிவுசெய்தால், சராசரிச் சம்பளத்தில் பாதிமுதல் 65 விழுக்காடுவரை மாதந்தோறும் வரும். அவர் கண்மூடிய பின் மனைவி மக்களுக்கும் உதவித்தொகை உண்டு. சேமநிதியை எடுத்தால் இது போய்விடும் என்ற பேச்சு வெறும் வதந்தி. இரண்டும் வெவ்வேறு சட்டம்.

இதற்குக் காலக்கெடு உண்டு. விண்ணப்பத்துக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா வேண்டும். அல்லது சந்தாதாரர் ஆன நாள்முதல் மூன்றில் இரண்டு பங்கு மாதங்களுக்குச் சந்தா இருக்கவேண்டும். முப்பது வருடம் ஒரே தோட்டத்தில் உழைத்தவர் இரண்டாவது வழியில் தப்பலாம். குத்தகைக்காரரிடம் விட்டுவிட்டு வேலை செய்தவர் கதி என்ன? வீட்டில் உட்கார்ந்த ஒவ்வொரு மாதமும் அவர் கணக்கைத் தின்கிறது. 60 வயது கடந்துவிட்டால், அதற்குமுன்பே இயலாமை வந்ததென்றும் பிறகு சம்பாதிக்கவில்லை என்றும் நிரூபிக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டை அடுப்பில் போட்டவர் எதை நிரூபிப்பார்?

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. விலகல் கடிதம் எழுதித்தரச் சொல்லி வருபவரிடம் முதலில் உடம்புக்கு என்னவென்று கேளுங்கள். நோயென்றால் அக்கடிதத்தை எழுதாதீர்கள். சொக்சோ பாரத்தை எடுங்கள். சந்தா விடுபட்டிருந்தால் மாதங்களைக் குறித்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். கட்டாத முதலாளியைக் கேட்கவேண்டியது சங்கம். அதை நாம் கேட்போம்.