முகம் காட்டாத சித்திரம்

மனிதன் ஒருவனின் உருவப்படத்துக்கு முகமே பிரதானம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருப்பதால், எங்கள் கரையோர ஊரான வினாயகபுரத்து வீடுகளில் மாலை சூடித் தொங்கும் காலஞ்சென்றோரின் படங்கள் யாவும் நம்மை நேரே நோக்கியபடியே இருக்கின்றன. இந்த நியதியைக் குஸ்தாவ் கையெபோத் என்ற பிரெஞ்சு ஓவியர் 1876இலேயே துணிந்து மீறினார்.

ராஜா ரவிவர்மா பிறந்த அதே 1848ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். ரவிவர்மா மகாராஜாக்களின் முகக்களையையும் ஆபரணங்களையும் தைலவர்ணத்தில் தீட்டிக் கீர்த்தி பெற்ற காலத்தில், கையெபோத் தம் தம்பி ரெனேயை முதுகுப்புறமாக வரைந்தார். பாரிஸ் நகரத்துக் குடும்ப வீட்டின் மாடியில், திறந்த சாளரத்தின் முன்னே, கைகளைக் காற்சட்டைப் பைகளில் செருகி, கால்களைச் சற்றே அகல ஊன்றித் தனியே நிற்கிறான் அந்த இளைஞன். அவன் பின்னால் சிவப்பு மெத்தை தைத்த நாற்காலி வெறுமையாய்க் கிடக்கிறது. முன்னால் கல்லாலான கைப்பிடிச் சுவர். அதற்கப்பால் வெயில் படிந்த வீதியில், சிற்றுருவாய் ஒரு பெண். அவன் அவளைத்தான் பார்க்கிறானா என்பதை ஓவியர் சொல்லவேயில்லை.

முகம் இல்லாதபோதும் அவன் யாரோ ஒருவன் ஆகிவிடவில்லை. கரைவலைத் தோணியை எதிர்பார்த்து வாடியோரம் நிற்பவர் இன்னார் என்பதை, முகம் புலப்படாத தூரத்திலிருந்தே, நிற்கும் நிலையைக் கொண்டு நம்மவர் சொல்லிவிடுவதில்லையா? அந்தப் பரிச்சயத்தையே கையெபோத் நம்பினார். இம்பிரெஷனிஸ்ட் ஓவியர்களின் இரண்டாவது கண்காட்சியில் இந்தச் சித்திரம் வைக்கப்பட்டபோது, அவருடைய ஓவியங்களின் அதீதத் துல்லியத்தை எழுத்தாளர் எமில் ஸோலா குறை கூறினார். அந்த அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று. அத்துல்லியம் குன்றியிருந்தால், அவ்வறையின் பாரமும் அந்தத் தோள்களின் விறைப்பும் நமக்குக் கிட்டியிரா.

அவ்வாண்டு நவம்பரிலேயே ரெனே 25 வயதில் மறைந்தான். துயரத்தோடு தம் ஆயுளைப் பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்ள, குஸ்தாவ் உடனே மரணசாசனம் எழுதி, தாம் சேர்த்த நண்பர்களின் ஓவியங்களை அரசுக்கு உரித்தாக்கினார். தம்பியின் சித்திரமோ நெடுங்காலம் தனியார் வசமிருந்து, 2021இல்தான், 53 மில்லியன் டாலருக்கு, லொஸ் ஏஞ்சலிஸ் கெட்டி நூதனசாலையை அடைந்தது.

ரெனேயின் படமாவது எஞ்சியது; 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோதோ, எங்கள் கரையோரத்தில் மனிதரோடு அவர்களுடைய படங்களும் போய்விட்ட வீடுகள் உண்டு. போனவரை ஞாபகத்திலிருந்து வரைய முயன்று, முகம் வரவில்லையே என்று தூரிகையைக் கீழே வைக்கும் பிள்ளைகளுக்கு, சித்திர ஆசிரியர்கள் இந்த ஓவியத்தின் பிரதியொன்றை வகுப்பறைச் சுவரில் மாட்டிக் காட்டவேண்டும் என்று வேண்டுகிறேன்.