மூலையில் நின்ற சிறுபடம்

லினக்ஸ் திரையின் மூலையில் விரல்நகத்தினும் சிறிய படங்கள் சில வரிசையாய் நிற்கும். அவற்றை எப்படி நிறுத்துவது என்பதற்காகப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கு நடக்கிறது என்றால் இலக்கிய நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆனால், அடுத்து அடிக்கும் எழுத்து தமிழாய் விழுமா ஆங்கிலமாய் விழுமா என்று நமக்கு உரைப்பது அந்தப் படங்களுள் ஒன்றே. விண்டோசில் எ-கலப்பையின் படத்தை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்தே நம்மில் பலர் எழுதப் பழகினோம்.

பழைய எக்ஸ்எம்பெட் முறையில், ஒரு செயலி தன் குறுஞ்சாளரத்தையே பட்டைக்குள் நுழைத்துவிடும். அளவும் நிறமும் அதன் விருப்பம். ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையின் நெரிசல்தான். 2009இல் கேடிஇ வேறு வழி கண்டது: செயலி டி-பஸ் வழியே செய்தி அனுப்பும், வரைவது பட்டையின் வேலை. உபுண்டு 2010இல் அதனை ஒட்டி ஆப்-இண்டிகேட்டரைக் கொணர்ந்தது. க்னோம் இசையவில்லை. 2017இல் 3.26 பதிப்பில் பழைய தட்டையும் எடுத்துவிட்டது. அவ்வாண்டே உபுண்டு ஒரு நீட்சியால் அதை ஈடுசெய்ய நேர்ந்தது.

க்னோம் குழுவினரின் வாதம் பொய்யன்று. பழைய முறை வேலண்டில் இயல்பாய் இயங்காது; அந்த நெரிசலும் அழகன்று. 2012இலேயே ஐபஸைத் தன்னுள் சேர்த்துக்கொண்டதால், அதில் தட்டச்சுவோர் தப்பினர் என்பதையும் சொல்லவேண்டும். பிற உள்ளீட்டுக் கருவிகளை நம்பியோர் நீட்சிகளைத் தேடி அலைந்தனர். நம் குறை இதுதான்: புதிய வீட்டுக்குப் பால் காய்ச்சுமுன் பழைய வீட்டின் கூரையைப் பிரித்தார்கள். கேடிஇயும் பழைய முறையைக் கைவிட்டதுதான். எனினும், பழைய படங்களைப் புதிய தட்டில் காட்டும் இடையாள் நிரல் ஒன்றை 2015இல் சேர்த்தது.

தமிழர்க்கு இவ்வழக்கு புதிதன்று. திஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றங்கள் பிரிந்து கிடந்த நாள்களில் ஒருவர் எழுதியது மற்றவர்க்குக் குப்பையாய்த் தெரிந்தது. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆணைக்கு முன்பே பழைய எழுத்தைக் காத்தவை சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள். திஸ்கியில் எழுதியவரை நாம் மூடர் என்று தள்ளவில்லை. அவர் எழுத்தை மாற்றிப் படித்தோம்.

2011இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே மாணவர் கைக்கு வந்தது. அந்தியூர்ப் பள்ளி மாணவிக்கு நெறிமுறைப் பெயர்கள் எதற்கு? படம் காணாமற்போனால், லினக்சில் தமிழ் வராது என்று முடிவுகட்டி விண்டோசுக்குத் திரும்புவாள். நீட்சி ஒன்றை நிறுவிக்கொள் என்ற விடை அவளை எட்டாது. அந்த நீட்சியைக் க்னோம் தன் மூலத்திலேயே சேர்த்துத் தரட்டும், வேண்டாதவர் அணைத்துக்கொள்வர்.