பீரோவில் பூட்டிய ட்ரோனை வெளியே எடுங்கள்!



இயற்பியல் ஆய்வகத்தில் ஜன்னல் ஓரமாக நிற்கும் பச்சை பீரோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் தட்டில், பழைய கால்வனாமீட்டர்களுக்குப் பக்கத்தில், அறிவியல் மன்றத்தின் நாலு கை ட்ரோன் இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. காரணமும் உங்களுக்குத் தெரியும். "ட்ரோன் ஒரு பொண்ணு விரலை வெட்டிடுச்சாம்!" அந்தப் பொண்ணு நான்தான். வலது கை ஆள்காட்டி விரல், நாலு தையல். வெட்டுப்பட்ட விரல் என்னுடையது என்பதால் இந்த விஷயத்தில் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. அந்த ட்ரோனை வெளியே எடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

முதலில் அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஊருக்குள் மூன்று விதமாகக் கதை ஓடுகிறது. ட்ரோன் வானத்திலிருந்து பாய்ந்து வந்து வெட்டியது என்று ஆறாம் வகுப்பில் பேசிக்கொள்கிறார்களாம்! அது பறக்கவே இல்லை. மேசைமேல் இருந்தது. காலையில் மைதானத்தில் பறக்கவிட்டபோது வேப்பமரத்தில் மோதி விழுந்து ஒரு மோட்டார் கெட்டுப்போனது. மதியம் மாற்று மோட்டார் பொருத்தினோம். அது சரியான திசையில் சுற்றுகிறதா என்று பார்க்க பேட்டரியைச் செருகினோம். இறக்கைகளைக் கழற்றிவிட்டுத்தான் அப்படிச் செய்ய வேண்டும். எங்களுக்கும் தெரியும், சார் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். ஸ்பேனர் யார் பையிலோ இருந்தது. "அரை செகண்டுதானே, அப்படியே பாத்துடலாம்" என்று சொன்னதும் நான்தான். ரிமோட் வைத்திருந்த தோழி குச்சியை ஒரு நூல் மேலே தள்ளினாள். அவ்வளவுதான்.

தையல் பிரிக்கும் வரை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் மோட்டாரின் மேல் 1000 கே.வி. என்று எழுதியிருக்கும். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1,000 சுற்று என்று அர்த்தம் (இறக்கை மாட்டாமல் சுற்றினால்). பேட்டரி 11.1 வோல்ட். இறக்கை மாட்டியதும் வேகம் குறையும். குறைந்து 6,000 சுற்று என்றே வைத்துக்கொள்வோம். நொடிக்கு 100 சுற்று ஆகிறது. இறக்கைக்கு இரண்டு அலகு. அப்படியென்றால் என் விரல் இருந்த இடத்தை நொடிக்கு 200 தடவை ஒரு பிளாஸ்டிக் கத்தி கடக்கிறது. நாலு தையலோடு போனது என் அதிர்ஷ்டம். இந்தக் கணக்கை அன்று காலையே போட்டிருந்தால் ஸ்பேனரைத் தேடிப் போயிருப்பேன்.

சரி, இவ்வளவு ஆபத்தான பொருளைப் பூட்டி வைத்தது நியாயம்தானே என்று கேட்பீர்கள். என் ஆயாவும் அதைத்தான் கேட்கிறார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி இந்த வேலை?" என்பது அவர் கூடுதலாகக் கேட்பது. என் அண்ணன் ஏழாம் வகுப்பில் சைக்கிள் செயினில் விரலை விட்டு நகமே போய்விட்டது. சைக்கிளை யாரும் பரண்மேல் ஏற்றவில்லை. மறுவாரமே அப்பா அவனை அதே சைக்கிளில்தான் ரேஷன் கடைக்கு அனுப்பினார்.

இந்த ட்ரோன் எப்படி வந்தது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. பழைய பேப்பர் விற்ற காசு, ஆசிரியர்கள் போட்ட பணம், எங்கள் உண்டியல் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம். நாலு மோட்டார், ஒவ்வொன்றுக்கும் வேகம் கட்டுப்படுத்தும் ஒரு ஈ.எஸ்.சி., நடுவில் ஒரு கன்ட்ரோலர் பலகை, ஒரு லித்தியம் பேட்டரி. எட்டுப் பேர் ஐந்து வாரம் சனிக்கிழமை சனிக்கிழமையாக உட்கார்ந்தோம். சால்ட்ரிங் பண்ணத் தெரியாமல் முதல் வாரம் முழுக்க ஈயம் உருண்டை உருண்டையாக விழுந்ததுதான் மிச்சம். கடைத்தெருவில் டி.வி. ரிப்பேர் பார்க்கும் அண்ணன் வந்து, "கம்பியைச் சூடு பண்ணு பாப்பா, ஈயத்தைச் சூடு பண்ணாதே" என்று ஒரே ஒரு வரி சொன்னார். அதற்கப்புறம்தான் பிடிபட்டது.

முதல் தடவை ஆன் செய்ததும் அது எழும்பவே இல்லை, ஒரு பக்கமாகக் குப்புறக் கவிழ்ந்தது. ஏன்? நாலு இறக்கையும் ஒரே மாதிரி என்று நினைத்து மாட்டியிருந்தோம். எதிரெதிர்க் கைகளில் உள்ள இரண்டு இறக்கைகள் வலம் சுற்ற வேண்டும், மற்ற இரண்டும் இடம் சுற்ற வேண்டும். வலம் சுற்றும் இறக்கை உடலை இடப்பக்கம் திருப்பப் பார்க்கும், இடம் சுற்றுவது வலப்பக்கம் திருப்பப் பார்க்கும். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுவதால் ட்ரோன் திரும்பாமல் நிற்கிறது. ஹெலிகாப்டருக்கு இருப்பது போல வால் விசிறி இதற்குத் தேவையில்லாமல் போனது அதனால்தான். மோட்டார் தப்பான திசையில் சுற்றினால் அதன் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும். நியூட்டனின் மூன்றாம் விதியை நான் ஒன்பதாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்கியவள். ஆனால் அது எனக்குப் புரிந்தது ட்ரோன் கவிழ்ந்த அன்றுதான். எங்கள் சாரே சிரித்துவிட்டார்.

அடுத்த தடவை காலுக்கொரு நைலான் கயிறு கட்டி, நாலு செங்கல்லில் முடிந்து பறக்கவிட்டோம். இதை யாரும் கேலி செய்ய வேண்டாம்! 1907-ல் பிரான்சில் பிரெகே சகோதரர்கள் செய்த நாலு சுழலி இயந்திரம் மனிதனோடு தரையை விட்டு எழுந்தபோது, அது சாய்ந்துவிடாமல் நாலு மூலையிலும் நாலு ஆட்கள் நின்று பிடித்துக்கொண்டிருந்தார்களாம். உயரம் இரண்டடி. நாங்கள் எழுப்பியதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பறக்கவிடக் கற்பது கட்டுவதைவிடக் கஷ்டம். மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் அதன் இடம் நமக்கு வலமாகிவிடும். இடது பக்கம் போகட்டும் என்று தள்ளினால் வலது பக்கம் பாயும். முன் கைகளில் சிவப்பு டேப் ஒட்டினோம். ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் இணைத்து, திரையில் ஓடும் பொம்மை ட்ரோனை நூறு தடவையாவது உடைத்தோம். திரையில் உடைந்தால் செலவில்லை. நிஜத்தில் ஒன்பது இறக்கை உடைந்தது, அதில் நாலு என் கணக்கு. கடைசியாக ஒரு நாள் சாயங்காலம் காற்று அடங்கியிருந்தபோது, என் கையில் அது ஆள் உயரத்தில் முக்கால் நிமிடம் ஒரே இடத்தில் நின்றது. யாரும் பேசவில்லை. கீழே இறக்கிய பிறகுதான் எல்லோரும் கத்தினோம்.

"கல்யாண மண்டபத்தில் பறக்குதே, அது மாதிரி ஒன்றை வாங்கினால் ஆண்டு விழாவைப் படம் பிடிக்கலாமே, எதுக்கு இந்தத் தகரடப்பா?" என்று ஒரு ஆசிரியர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம் ஐயா. கடையில் வாங்குவது ரிமோட்டை விட்டாலும் செயற்கைக்கோளைப் பார்த்துத் தானே ஒரே இடத்தில் நின்றுகொள்ளும். படத்துக்கு அது நல்லது. நம்முடையது விட்டால் காற்றோடு போய்விடும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் நாங்கள் இவ்வளவும் கற்றோம். சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்ஷா குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது. அந்தக் குழுவுக்கு நடிகர் அஜித் ஆலோசகர் என்றதும் நம் பள்ளியில் விசில் அடித்தவர்கள் உண்டு. அந்தக் குழுவினரும் எத்தனை இறக்கை உடைத்திருப்பார்களோ, யார் கண்டது!

சட்டம் என்ன சொல்கிறது என்று பயப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-ல் வந்த ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்கவிட முன் அனுமதி தேவையில்லை. நம் ஊர் பச்சை மண்டலத்தில்தான் இருக்கிறது, வரைபடத்தைச் சாரோடு சேர்ந்து பார்த்தோம். அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் தன் வளாகத்துக்குள் பறக்கவிட்டால் பதிவு எண், பைலட் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. நம்முடையது பனைமர உயரத்தைக்கூடத் தாண்டியதில்லை.

ஆனால் பழையபடியே திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இறக்கைகளும் ஸ்பேனரும் ஒரே டப்பாவில் சாரிடம் இருக்கட்டும். மைதானத்துக்குப் போன பிறகுதான் மாட்ட வேண்டும், மேசைக்கு வருமுன் கழற்றிவிட வேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கட்டும். உடைத்தவர்தான் ரிப்பேர் செய்ய வேண்டும். ரிமோட்டைப் பையன்களே பிடித்துக்கொண்டு "நீ வீடியோ எடு" என்று எங்களைச் சொல்வதும் நிற்க வேண்டும். (இதை ஆசிரியர் குழு அடித்துவிடக் கூடாது!)

இன்னொன்று அவசரமானது. லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் குறைந்த நிலையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் கெட்டுப்போகும், வீங்கவும் செய்யும். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருக்க வேண்டும். அன்று காலை இரண்டு தடவை பறக்கவிட்ட அதே பேட்டரிதான் அப்படியே உள்ளே போனது, யாரும் அளக்கவில்லை. அதற்கென்று மணல் நிரப்பிய மண்சட்டி ஒன்று வைத்திருந்தோம், அது பீரோவுக்கு வெளியே சும்மா இருக்கிறது. ஹெச்.எம். சார் அவர்களே, ட்ரோனைப் பற்றி நிதானமாக யோசித்து முடிவெடுங்கள். பேட்டரியை மட்டும் இந்த வாரமே எடுத்துப் பார்க்க அனுமதி கொடுங்கள். மல்ட்டிமீட்டர் நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் மன்ற மாணவி,
11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு
(இடது கையால் எழுதவில்லை, விரல் ஆறிவிட்டது!)