குறிப்பற்றது என்னும் சொல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

இயல்பு நோய்த்தடைக்காப்புக்கும் பெற்ற நோய்த்தடைக்காப்புக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை? நம் துறை மாணவர் எவரும் இந்த வினாவுக்குத் தப்ப முடியாது. முதலாவது 'குறிப்பற்றது', இரண்டாவது 'குறிப்பானது' என்று எழுதினால் ஒரு மதிப்பெண். அந்தக் 'குறிப்பற்றது' என்னும் சொல்லை நம் பாடத்திலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் சொல்கிறேன். டி.என்.ஏ. நான்கே எழுத்துகளால் ஆனது. நம் செல்லிலும் பாக்டீரியாவிலும் அதே நான்கு எழுத்துகள்தாம். அப்படியிருக்க, வந்திருப்பது அயலானின் டி.என்.ஏ. என்று வெள்ளணு எப்படி அறிகிறது? சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்கள் பாக்டீரியாவில் ஏராளம். நம்மிடம் அவை குறைவு. இருப்பவற்றிலும் பெரும்பாலான சைட்டோசின்களுக்கு மெத்தில் தொகுதி என்னும் பொட்டு வைக்கப்பட்டிருக்கிறது. பாக்டீரியாவின் அவ்விடங்களில் பொதுவாக அந்தப் பொட்டு இல்லை. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவே அடையாளம்!

இதைக் கண்டறிந்த கதையும் சுவையானது. 1984-இல் ஜப்பானில் தோக்குநாகா குழுவினர், பி.சி.ஜி. பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த பொருளொன்று சோதனை விலங்குகளின் புற்றுக்கட்டியை எதிர்ப்பதைக் கண்டனர். அதில் பெரும்பகுதி டி.என்.ஏ.! அமெரிக்காவின் அயோவாவில் ஆர்தர் கிரீக், செயற்கை டி.என்.ஏ. துண்டுகளைக் கொண்டு வேறொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒப்பீட்டுக்காக வைத்திருந்த துண்டுகள் எதிர்பாராமல் பி செல்களைத் தட்டி எழுப்பின. சோதனை கெட்டுவிட்டது என்று அவர் அதைத் தூக்கி எறியவில்லை. பொட்டில்லாத அந்தச் சோடியே காரணம், மெத்தில் சேர்த்தால் துண்டு வாயடைத்துப் போகிறது என்று 1995-இல் வெளியிட்டார். அதைப் படிக்கும் ஏற்பி டி.எல்.ஆர்.9 என்பதை 2000-இல் ஒசாகாவில் ஷிசுவோ அகிரா குழுவினர் காட்டினர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்தக் காவலாளி செல்லின் வாசலில் நிற்பதில்லை. விழுங்கிய பொருள் செரிக்கப்படும் சிறு பைக்குள் நிற்கிறான். நம் டி.என்.ஏ. உட்கருவில் பத்திரமாக இருக்கிறது. செத்த செல்களிலிருந்து சிந்துவதை நொதிகள் சிதைத்துவிடுகின்றன. ஆகவே அந்தப் பைக்குள் முழுதாக வந்து சேரும் டி.என்.ஏ. பெரும்பாலும் அயலானுடையதே. இந்த ஏற்பியைச் செல்லின் மேற்பரப்புக்கு மாற்றி 2006-இல் சோதித்தபோது, அது சொந்த டி.என்.ஏ.வுக்கே எதிராகக் கிளம்பியது. லூபஸ் நோயிலும் எதிர்ப்பொருள்கள் நம் டி.என்.ஏ.வையே அந்தப் பைக்குள் கொண்டு சேர்க்கின்றன. ஆளையும் பார்க்க வேண்டும், நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும், இதுவா குறிப்பற்றது?

வந்தது டைஃபாய்டா, காசநோயா என்று அந்த ஏற்பி சொல்லாதே எனப் பேராசிரியர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆட்டுக்கு வந்த நோயின் பெயரும் தெரியாது. ஆனால் காதைத் தொட்டுப் பார்த்து, இரை எடுக்காமல் ஒதுங்கி நிற்பதையும் பார்த்து, 'இதுக்குச் சொகமில்லை, தனியாக் கட்டு' என்பார். வைத்தியர் வந்து பெயர் சொல்வதற்கு முன்பே மந்தை பிழைத்துவிடும். அதைக் குறிப்பற்ற அறிவு என்று எழுத எனக்குக் கை வராது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால்தான் இந்தச் சொல் எனக்கு இவ்வளவு உறுத்துகிறதோ என்னவோ!

மருந்து செய்வோர் இந்த அறிவை நன்றாகவே மதிக்கிறார்கள். ஹைதராபாத்தில் தயாரான கோர்பிவாக்ஸ் தடுப்பூசியில் அலுமினிய உப்போடு சி.பி.ஜி. 1018 என்னும் பொட்டில்லாத டி.என்.ஏ. துண்டும் சேர்க்கப்பட்டது. 2022 மார்ச் முதல் 12 முதல் 14 வயதுச் சிறார்க்குப் போடப்பட்டது அதுவே. என் தங்கையும் பள்ளியில் கை நீட்டிப் போட்டுக்கொண்டாள்.

'நுண்ணுயிரி வந்திருக்கிறது என்று அறியும். இன்ன நுண்ணுயிரி என்று அறியாது' என்று விடைத்தாளில் எழுதினால், அந்த ஒரு மதிப்பெண்ணைத் தருவார்களா? வரும் பருவத் தேர்வில் நான் அப்படித்தான் எழுதப் போகிறேன்.