கயவாகுவின்மேல் நிற்கும் சங்க காலம்

சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகுவும் வந்திருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். இலங்கை அரசர் வரிசையில் கஜபாகு என்ற பெயரில் இருவர் உண்டு. ஒருவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டு, இன்னொருவர் 12ஆம் நூற்றாண்டு. பின்னவர் பொருந்தமாட்டார், ஆகவே செங்குட்டுவன் 2ஆம் நூற்றாண்டு. வி. கனகசபைப் பிள்ளை 1904இல் வெளியிட்ட நூல் இந்த முடிவை ஊன்றியது. அங்கிருந்து தலைமுறைக்கு இத்தனை ஆண்டு என்று முன்னும் பின்னும் எண்ணி, மற்ற மூவேந்தர்களையும் புலவர்களையும் அடுக்கினார்கள்.

இவ்வளவு பாரத்தை அந்த ஒரு பெயர் தாங்குமா? கஜபாகுவின் ஆட்சியைச் சொல்லும் மகாவம்சத்தில் கண்ணகி விழா பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிலப்பதிகாரமோ அந்நிகழ்ச்சிக்கு நெடுங்காலம் கழித்து இயற்றப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஆனாலும் அந்தக் காலக்கணக்கு பெரிதும் சாய்ந்துவிடவில்லை. காரணம் கயவாகு அல்ல. கரூர் அருகே புகழூர் மலையில், சமணத் துறவிக்கு வெட்டித் தந்த கற்படுக்கையில் சேரர் மூன்று தலைமுறையின் பெயர்கள் உள்ளன. அவை சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளின் தலைவர்களோடு பொருந்துகின்றன. எழுத்தமைதியை வைத்து ஐராவதம் மகாதேவன் அக்கல்வெட்டை 2ஆம் நூற்றாண்டினது என்றார். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் தோண்டிய மார்ட்டிமர் வீலர், காலம் தெரிந்த இத்தாலியப் பானையோடுகளைக் கொண்டு அவற்றோடு கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் கண்டார். காப்பியத்தை அறியாத கல்லும் ஓடும் தனித்தனியே சொன்ன சாட்சி இது. எனக்கு நம்பிக்கை வருவது இங்கேதான்.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளை ஈமக்காட்டில் கிடைத்த இரும்பையும் இப்படித்தான் அணுக வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கையில் கி.மு. 3345 வரை செல்லும் காலம் இருந்தது. கொண்டாட்டம் முழுவதும் அந்த ஓர் எண்ணைச் சுற்றியே நடந்தது. ஆய்வகம் சொல்வது கரித்துண்டின் வயதை. அந்தக் கரியும் இரும்பும் ஒரே காலத்தில் புதைந்தவையா என்பதைச் சொல்ல வேண்டியது அகழாய்வுக் குழியின் பதிவேடு. அதைப் படம், அளவு, ஆழத்துடன் எல்லோரும் சோதிக்கும்படி முழுமையாக வெளியிடுவது அவசரமான வேலை.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172. சிவகளைக்கும் அதற்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளிக்குரிய சான்றுகள் தாமிரபரணிக் கரையின் மற்ற ஈமக்காடுகளிலும் தென்பெண்ணைப் படுகையிலும் தேடப்பட வேண்டும். வீட்டுமனைகளும் குவாரிகளும் அந்த ஈமக்காடுகளை விழுங்குவதற்குள் தேட வேண்டும்.