மாரிகாலத்துக்கு முன்

1939 ஜூனில் ஜெர்மானியப் போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் நியூயார்க்கில் வந்து இறங்கினார். வயது 33. ஹிட்லரின் படைக்கு ஆள் எடுக்கும் நேரம். அவரைக் காப்பாற்ற நண்பர்கள் பாடுபட்டு வழி செய்திருந்தார்கள். யூனியன் இறையியல் கல்லூரியில் தங்குமிடம், அகதிகளிடையே ஊழியம், சொற்பொழிவு வாய்ப்புகள். நம் சபைகளில் 'கர்த்தர் வாசலைத் திறந்தார்' என்று சாட்சி சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

அவருக்கோ நிம்மதி இல்லை. இரண்டு வாரத்துக்குள் அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் மறுத்தோம் என்பது தனக்கே முழுதாகத் தெளியவில்லை என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். ஆவிக்குரிய பகுத்தறிதலில் இந்த நேர்மையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தேவசித்தம் இதுதான் என்று அவர் யாரிடமும் முழங்கவில்லை.

ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் சபையார் 1731 முதல் அச்சிட்டுவரும் தின வசன நூலை அவர் தியானித்து வந்தார். ஜூன் 26 அன்று அவர் முன் வந்தது, மாரிகாலத்துக்கு முன் வந்துசேரும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வசனம். அது தனக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டார். ஜூலையில் ஜெர்மனிக்குத் திரும்பக் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஹிட்லர் ஆட்சியால் ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

நாமும் புத்தாண்டு ஆராதனையில் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அட்டையில் குறையில்லை. சம்பளம், விசா, வரன், வீட்டுமனை எல்லாம் கணக்குப் பார்த்து முடித்தபின், அந்த முடிவுக்கு ஒப்புதலாக வசனத்தைத் தேடுகிறோமே, குறை அங்கே இருக்கிறது. 'ஜெபித்தேன், சமாதானம் கிடைத்தது' என்கிறோம். ஆதாயம் கைக்கு வந்தால் அவிசுவாசிக்கும் அந்தச் சமாதானம் கிடைக்கும்.

வெளிநாடு போவது பாவமல்ல. இழப்பதெல்லாம் தேவசித்தமும் அல்ல. ஆனால் நாம் பெற்ற வசனம் ஒருமுறையாவது நம் லாபத்துக்குக் குறுக்கே நின்றிருக்கிறதா? 'இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற மணமகள் தேவை' என்று விளம்பரம் கொடுத்து, அடுத்த வரியிலேயே சாதியையும் போடுகிறோம். முதல் வரி ஜெபத்தில் பிறந்திருக்கலாம். இரண்டாம் வரி உலகத்திடமிருந்து வாங்கியது. வீட்டில் உண்மையில் முடிவெடுப்பது அந்த வரிதான்.

இந்த ஆண்டு பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் பெற்றோரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: அந்த இரண்டாம் வரியை அடித்துவிட்டு ஜெபியுங்கள்.